சங்கு கேட்கிற தூரம்

வாயைத் திறக்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். பெரம்பூரில் ரயில் ஏறி, கூட்டம் இருவரையும் கதவோரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழாதபடி குனிந்து சொன்னாள். "நைனா, அங்க போனா நீ வாயத் தொறக்காத. அவ்ளோதான் நான் கேக்கறது." ஏகாம்பரம் கம்பியை மாற்றிப் பிடித்தார். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வாலண்டினா கைப்பையை முன்பக்கம் இழுத்து அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறக்காதே. இந்த வார்த்தையை அவரிடம் யார்தான் சொல்லவில்லை. மில்லில் லேபர் ஆபீசர் சொன்னான், ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், கோர்ட்டில் ஜட்ஜ் இங்கிலீஷில் சொன்னார், கடைசியில் சொந்தக் கமிட்டியே தீர்மானம் போட்டுச் சொன்னது, தோழர் ஏகாம்பரம் பொதுக்கூட்டங்களில் பேசுவதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கவும் என்று. அவர்கள் எல்லோரும் சொன்னபோது அவருக்கு ரத்தம் கொதித்தது, வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது. இவள் சொல்லும்போது மட்டும் ஒன்றும் கொதிக்கவில்லை. களைப்பாக இருந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பு, காலையில் குடித்த டீ இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது, யாரோ ஒருத்தனுடைய முதுகுப் பை விலாவில் இடிக்கிறது. முதுகில் மாட்டிய பையைக் கழற்றிக் கையில் பிடிடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கு இது ஒத்திகை.

அவள் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வாடகைக்கு வீடு தேடிப் போன மடிப்பாக்கத்தில் அருமையான வீடு, காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு, வீட்டுக்காரன் ஃபேனைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க எந்த ஆளுங்க என்று கேட்டான். தப்பாக நினைக்காமல் எப்படி இருப்பது. அவர் நினைத்தார், நினைத்ததைச் சொன்னார், சொன்னதை வரலாற்றோடு விளக்கினார். அந்த வீடு போயிற்று. அதற்காக அவர் வருத்தப்படவில்லை, இனியும் படமாட்டார். ஆனால் வேளச்சேரி வீடு வேறு மாதிரி. அங்கே வீட்டுக்காரர் சாதியும் கேட்கவில்லை, கறி சமைப்பீர்களா என்றும் கேட்கவில்லை. வாலண்டினா மாடியில் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே படிக்கட்டில் நின்றார். படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் குடித்தனக்காரர்கள். சும்மா நிற்கிறோமே என்று, கரண்டு யூனிட்டுக்கு இங்கே எப்படி வசூல் பண்ணுகிறார்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தர் நின்றார். மகள் கீழே வந்தபோது நாலு போர்ஷன்காரர்களும் படிக்கட்டில் கூடியிருந்தார்கள், யார் முதலில் பேசுவது, யார் குறுக்கே பேசக் கூடாது என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது, வீட்டுக்காரர் முற்றத்தில் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். "குடி வர்றதுக்கு முன்னாடியே சங்கம் வெச்சிட்டாரும்மா உங்கப்பா" என்று சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் வாலண்டினா அவருக்கு முன்னால் நாலடி தள்ளியே நடந்தாள். அவருக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை மறைக்கப் பெரும்பாடு பட்டார். எத்தனை வருடமாயிற்று, அவர் ஒரு கேள்வி கேட்டு நாலு பேர் நின்று.

வியாசர்பாடி தாண்டியது. ரயில் நின்றது, நகர்ந்தது, மறுபடி சிக்னலில் நின்றது. இப்போது குடியிருக்கிற பெரம்பூர் வீட்டை ஆடி கழிந்ததும் இடிக்கிறார்கள், அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், அதனால் ஆடியில் வீடு காலியாகக் கிடக்கும், தேடுவதற்கு அதுதான் நல்ல சமயம் என்று மகள் கண்டுபிடித்தாள். நமக்குத்தான் ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாதே நைனா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருடைய வளர்ப்பு. பெயர்கூட அவர் வைத்ததுதான், விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர், தெருவே வாய்க்கு வராமல் தடுமாறிய பெயர், ஆபீசில் அதை வெட்டி டீனா ஆக்கிவிட்டார்களாம். டீனா. பிஸ்கட்டுக்கு வைக்கிற பெயர். அந்த டீனாவுக்கு வேலை பெருங்குடிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கட்டடத்தில். அவள் பார்த்து வைத்திருக்கிற வீடும் அங்கேதான், ஆபீஸுக்கு நடந்து போகிற தூரம். அவர் பார்த்து வைத்திருப்பது பெரம்பூருக்கு அடுத்த பெரவள்ளூரில், தையற்கடை மோகனரங்கத்தின் சந்தில், படிப்பகத்துக்கு அடுத்த தெரு. வீட்டுக்காரர் பழைய ஆள், அட்வான்ஸ்கூட வாங்காமல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அந்தச் சாவி இப்போது சட்டைப் பையில் இருக்கிறது, கூட்டம் நெருக்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. இதை வைத்து வீட்டில் ஒரு வாரம் சண்டை. முதலாளி வாசலிலேயே பாயை விரிச்சுப் படுக்கணும்ன்றியா என்று அவர் கேட்டார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தவில்லை. "ஒரு நாள் என்கூட வா. நான் போற மாதிரியே வா. அந்த வீட்டையும் பாரு. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு, நீ சொல்ற வீட்டுக்கு வர்றேன்." அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சந்தேகம். இது தந்திரம். அவரே எத்தனை தடவை இளவட்டங்களுக்குச் சொல்லியிருக்கிறார், எதிராளியிடம் முடிவை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார், பாரம் அவன் தலைக்குப் போய்விடும் என்று. பாரம் இப்போது அவர் தலையில். பெருங்குடியா பெரவள்ளூரா. இன்றைக்கு மத்தியானத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பெருங்குடி வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். பெரவள்ளூர் என்று சொல்லிவிடுவார். அதில் என்ன யோசனை. சொல்லத்தான் போகிறார்.

சென்ட்ரலில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா நகர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இறங்கிய கூட்டம் முழுக்க ஓடியது. எதற்கு ஓடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. மணி அடிக்கவில்லை, கேட் சாத்தப்போவதில்லை, யாரும் துரத்தவில்லை, தானாகவே ஓடுகிறார்கள். ஓடுகிற கூட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர் அவர். கேட் மீட்டிங்குக்கு இடம் பார்ப்பது ஒரு கலை, ஆட்களின் கால் எங்கே தானாக வேகம் குறைகிறதோ அங்கே நிற்க வேண்டும், டீக்கடைத் திருப்பத்தில், பீடி பற்றவைக்கிற மூலையில், ஷிப்டு விட்டு வருகிறவன் சட்டையை உதறிப் போடுகிற மர நிழலில். இந்தச் சுரங்கப்பாதையில் ஒருத்தன் காலும் எங்கேயும் வேகம் குறையவில்லை. இங்கே கேட் மீட்டிங் போட முடியாது. மகள் அவருக்காக மெதுவாக நடந்தாள், அது அவருக்குப் பிடிக்கவில்லை, முழங்கால் வலியோடு எட்டிப்போட்டார். அப்போதுதான் சுவரோரம் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து கூப்பிட்டாள். "இன்னாம்மா, இப்ப தேவலையா? அன்னிக்கு நீ மயங்கி உயுந்ததப் பாத்து நான் பயந்தே பூட்டேன்." வாலண்டினா அவசரமாக, "ஒண்ணுமில்லமா, சரியாயிட்ச்சு" என்று கையை ஆட்டிக்கொண்டே நகரப் பார்த்தாள். அந்தம்மாள் விடவில்லை. இவரைப் பார்த்து, "நீதான் அவங்கப்பாவா? வெறும் வயித்துல அனுப்பாத, இன்னா? சுருண்டு உயுந்துச்சு, தண்ணி தெளிச்சு நான்தான் மடியில போட்டுக்கினேன்" என்றாள். ஏகாம்பரம் மகளைத் திரும்பிப் பார்த்தார். நைனா வா, ரயில் பூடும் என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். எப்போ, என்றார். போன மாசம். ஏன் சொல்லவில்லை. "சும்மா தல சுத்துச்சு நைனா. டாக்டரப் பாத்தேன். தூங்குன்னாரு. அதுக்கு இன்னா மருந்து எழுதுவாரு?"

தூங்கு என்றாராம். படிக்கட்டு ஏறும்போது அதே வார்த்தை முழங்காலோடு சேர்ந்து ஏறியது. தூங்கு, தூங்கு. நகரும் படி என்று ஒன்று இருந்தது, அது நகரவில்லை, புறாக்கள் அதன் கைப்பிடியில் உட்கார்ந்து எச்சமிட்டிருந்தன. ஸ்டேஷன் பெரியது, மில்லின் நெசவுக் கூடத்தைப் போலப் பெரியது, தறிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போனபிறகு அந்தக் கூடம் எப்படி இருந்ததோ அப்படி எதிரொலித்தது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு. எத்தனை மே தினத்துக்கு இதை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்காத எழுத்தைத் துண்டறிக்கையில்தான் படித்தார், மில் வாசலில் யாரோ கையில் திணித்துவிட்டுப் போன தாளை எழுத்துக் கூட்டிக் கூட்டி, மனைவி அம்சவேணி அடுப்பு ஊதிக்கொண்டே திருத்துவாள், அது தொழி இல்ல, தொழிலாளி. மகள் ஏழாவது படிக்கும்போது அந்த அம்சவேணியும் போய்ச் சேர்ந்தாள். படித்த தாளிலிருந்து எழுதுகிற தாளுக்கு வந்தார். அவர் எழுதினால் அச்சகத்துக்காரர் பிழை திருத்தமாட்டார், தோழர் கை என்பார். அந்தக் கை எழுதிய கணக்கில் இந்த ரயில் எங்கே வருகிறது. வேலையிலா, உறக்கத்திலா, நமக்கு என்பதிலா. முதலாளி இதற்குச் சம்பளம் கொடுப்பதில்லை. சரி, முதலாளி கொடுக்கமாட்டான், அது அவன் புத்தி. சங்கம் ஏன் கேட்கவில்லை. அவர் ஏன் எழுதவில்லை. அவருக்கு இப்படி ஒரு நேரம் இருப்பதே தெரியாது, வீட்டிலிருந்து மில்லுக்கு ஒரு பீடி பிடிக்கிற தூரம்.

பறக்கும் ரயில் வந்தது. பறக்கவில்லை, நிரம்பி வழிந்துகொண்டு ஊர்ந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் ஒருவன் இவரைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றான். தாத்தா. தோழர் என்று ஒரு வார்த்தை தமிழில் இருக்கிறது, அதை யாரும் இவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தார், கால் அதற்குள் உட்கார்ந்துவிட்டது. மகளை உட்காரச் சொல்லியிருக்கலாம், அதுவும் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார், நீ இரு நைனா என்று தோளை அழுத்திவிட்டாள். மேலே தொங்கிய பிடியில் மணிக்கட்டை நுழைத்தாள், இன்னொரு கையால் பையை அணைத்தாள், நெற்றியைத் தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டாள். சேப்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். நின்றபடியே. வாய் லேசாகத் திறந்திருந்தது, ரயில் உலுக்கும்போது முழங்கால் மடிந்தது, மடிந்த முழங்கால் தானாகவே நிமிர்ந்தது, தூக்கம் கலையவில்லை. இது ஒரு நாள் பழக்கம் அல்ல. உடம்பு இதை எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறது. மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் பெண்கள் இப்படித்தான் தூங்குவார்கள், கை நூலில் இருக்கும், கண் மூடியிருக்கும், மேஸ்திரி சத்தமில்லாமல் பின்னால் வந்து முகத்தில் தண்ணீர் அடிப்பான். ஒரு நாள் அந்தச் சொம்பைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்த்தார் ஏகாம்பரம். சஸ்பெண்டு ஆனார், மறுநாள் வைண்டிங் முழுக்க வெளியே வந்தது, பெண்கள் முன்னால் நடந்த முதல் ஊர்வலம் அது, அவருடைய வாழ்க்கையில் அவர் வெட்கப்பட வேண்டியிராத நாள். இங்கே மேஸ்திரி யார். எந்தச் சொம்பைப் பிடுங்குவது. இவள் முகத்தில் யாரும் தண்ணீர் அடிக்கவில்லை, ஒரு கொய்யாக்காரி மயக்கம் தெளிய அடித்தாள். யாரை முற்றுகையிடுவது. ரயிலையா. ஊரையா. பெரவள்ளூரில் சாவி வாங்கி வைத்திருக்கிற கிழவனையா.

அந்த எண்ணம் வந்ததும் அதைத் தள்ளிவிட்டார். குற்ற உணர்ச்சி என்பது முதலாளித்துவச் சரக்கு. பெரவள்ளூரில் அவருக்கு மனிதர்கள் இருக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் அவருக்கு இடம் உண்டு, பேப்பரை முதலில் அவரிடம்தான் கொடுப்பார்கள். மனிதர்கள் என்றால் யார். மோகனரங்கத்துக்குக் காது போய்விட்டது, பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தாலும் வேறெதற்கோ தலையாட்டுகிறான். மில்லில் கூட இருந்த கிருபாகரன் மகன் வீட்டில் இருக்கிறான், எங்கே போகிறேன் என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருகிறான். படிப்பகத்தில் கேரம் போர்டு போட்ட பிறகு புத்தக அலமாரியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். இருந்தாலும் அந்தத் தெருவில் நடந்தால், மில் கேட்டில் பேசுவாரே அவர் என்று சொல்ல இன்னும் இரண்டு வாய் இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் யார். மாடி வீட்டுத் தாத்தா. மந்தைவெளி. கோட்டூர்புரம். கீழே கால்வாய் கறுப்பாகக் கூடவே வந்தது. யாருடைய பாக்கெட்டிலோ செல்போன் நீளமாக ஊதியது, எழுப்புவதற்கு வைத்த அலாரம் போல, அதே சுதி, மேலே போய் அங்கேயே நின்று இறங்கியது, சங்கு. மில் சங்கு. ஏகாம்பரத்தின் உடம்பு இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு துள்ளு துள்ளியது. முதல் சங்குக்கு எழ வேண்டும், இரண்டாவது சங்குக்குத் தெருவில் இருக்க வேண்டும், மூன்றாவது சங்குக்குக் கேட் சாத்திவிடுவான். மழைக்காலத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் சங்கு காதில் விழாது, அன்றைக்கு அரைநாள் கூலி போகும். அதனால் வீடு பார்க்கும்போது முதலில் கேட்கிற கேள்வி அதுதான், சங்கு கேக்குமா. கேட்கிற வீட்டுக்கு ஒரு வாடகை, கேட்காத வீட்டுக்கு ஒரு வாடகை. அவருடைய அப்பா, ஜன்னல் இல்லாத, சாக்கடை வாசலில் ஓடுகிற அறையைப் பிடித்ததும் அதற்காகத்தான், சங்கு தலைமாட்டில் ஊதுகிறது என்று பெருமையாகச் சொல்வார். மொத்தப் பேட்டையும் அப்படிக் கட்டியதுதான். சங்கு கேட்கிற தூரம் வரைக்கும் வீடு, அதற்கு அப்பால் வெட்டவெளி. அவர் வளர்ந்த தெரு, கொடி ஏற்றிய மூலை, எந்த மண்ணைத் தொழிலாளி வர்க்கத்தின் கோட்டை என்று மேடைக்கு மேடை முழங்கினாரோ அந்த மண், எல்லாம் முதலாளி வாசலில் விரித்த பாய்தான். பெரவள்ளூரும் அந்தப் பாயின் ஓரம். மில் போய்விட்டது. சங்கு போய்விட்டது. பாயை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதைக் கொள்கை என்கிறார். இதை யாராவது மேடையில் சொன்னால் எழுந்து மறுத்திருப்பார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. அலாரத்துக்கு மகள் கண் விழிக்கவில்லை. தரமணி தாண்டியதும் தானாக விழித்தாள், அவளுக்குள்ளேயே ஒரு சங்கு இருக்கிறது. "எறங்கணும் நைனா."

பெருங்குடி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, நசுங்கி நசுங்கி. ஆட்டோவை விட்டு இறங்கிச் சந்துக்குள் நடந்தார்கள். வாலண்டினாவுக்கு முகம் தெளிந்திருந்தது, பேசிக்கொண்டே வந்தாள், ஞாயித்துக்கெழமைல திருவான்மியூர் பீச்சு போலாம் நைனா, உனக்கும் காத்தாட இருக்கும், இதோ இந்த ரோட்லதான் நடந்தே ஆபீஸ் போவேன். "வெளிச்சத்துல வூட்டுக்கு வரணும் நைனா. வெளிச்சத்துல வந்து கதவத் தொறந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? சூரியன்லாம் ஜன்னல் வழியா பாக்கறதோட சரி." பேரம் பேசுகிற குரல் இல்லை அது. சும்மா சொன்னாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தார், பழக்கம் விடவில்லை, கூட்டம் போட இடம் உண்டா என்று கண் தேடியது. சுவர்களில் போஸ்டர் இல்லை, யாரும் ஒன்றுக்குப் போகாமலிருக்க எல்லா மதத்துச் சாமிகளையும் வரிசையாக வரைந்திருந்தார்கள். டீக்கடை ஒன்று இருந்தது, பெஞ்சு இல்லை, குடிக்கிறவர்கள் நின்றுகொண்டே செல்போனைப் பார்த்தபடி குடித்தார்கள். இங்கே ஒருத்தன் வந்து பேசினால் காதிலிருக்கிற வயரை எடுக்கக்கூட மாட்டார்கள். நல்லது. இங்கே அவருக்கு வேலை இல்லை. வாயைத் திறக்காமலிருக்க ஏற்ற இடம்தான்.

வீட்டுக்காரர் நாகசுந்தரம் வாசலிலேயே நின்றார், வெள்ளை பனியன், நெற்றியில் விபூதி, நல்ல மனிதர் போலவே சிரித்தார். வாங்க வாங்க, ஐயா வேற வந்திருக்கீங்களா, என்னவா இருந்தீங்க ஐயா. "மில்லுல இருந்தாரு" என்று அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். மில்லா, என்று நாகசுந்தரம் வாயைப் பிளந்தார், பெரம்பூர்ப் பக்கம்ன்றீங்களா, என் மாமனார்கூட அங்கதான் ஸ்டோர் கீப்பரா இருந்தாரு, தங்கமான மில்லுங்க அது, "இந்த யூனியன்காரனுங்கதான கொடியப் புடிச்சு புடிச்சு இழுத்து மூடுனானுங்க? எத்தன குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு! நீங்களே பாத்திருப்பீங்களே ஐயா?" வாலண்டினாவின் விரல்கள் கைப்பை வாரை இறுக்கின. ஏகாம்பரத்தின் நாக்கு அடிவாயில் புரண்டது. ஜோடித்த நஷ்டக் கணக்கு, இடம் மாற்றிய எந்திரங்கள், கைமாறிய நிலம், ராத்திரியோடு ராத்திரியாகக் கேட்டில் ஒட்டிய நோட்டீஸ், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒரு மூச்சு விட்டால் போதும். பார்த்தேன், என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. நாகசுந்தரம் அனுதாபத்தோடு தலையாட்டி, வாங்கம்மா மாடியப் பாக்கலாம் என்று கிளம்பினார். "நீ போய்ப் பாரு, எனக்கு முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மகள் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் அவரைத் தனியாக விடுகிறோமே என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது.

படியின் அடியில் ஒரு குழாய், வரிசையாகக் காலிக் குடங்கள். கீழ்ப்போர்ஷன் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள், மகள் வயதுதான், இடுப்பில் குழந்தை, நைட்டிக்கு மேல் துண்டு. குடத்தை வைத்துவிட்டு மாடியைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வீடு பாக்க வந்தீங்களா பெரியவரே? தண்ணி சமாச்சாரம் கேட்டுக்கிட்டீங்களா? மோட்டார் போட்ட மாதிரி போட்டு நிறுத்திடுவாரு. பாதிக் கொடம்கூட ரொம்பாது. அவரு வீட்டுத் தொட்டி மட்டும் வழியும். கேட்டா, இஷ்டம்னா இரு, இல்லன்னா காலி பண்ணுன்னு ஒரே பேச்சு." அவர் குடங்களின் வரிசையைப் பார்த்தார். அவள் இன்னும் கிட்டே வந்தாள். "நாங்க எல்லாரும் சேந்து கேக்கணும்னுதான் பாக்கறோம். யாரு மொதல்ல பேசறது, எப்பிடிப் பேசறதுன்னுதான் தெரியல. ஒவ்வொருத்தரும் நீ பேசு நீ பேசுன்றாங்க. உங்களப் பாத்தா வெவரம் தெரிஞ்சவரு மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்லுங்களேன்." சொல்லுங்களேன். உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது, முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யார் முதலில் பேசுவது. மாடியில் வயதான அம்மா யாராவது இருந்தால் அவர் பேச வேண்டும், அந்தம்மாவைப் பார்த்து வீட்டுக்காரனால் கத்த முடியாது. வீட்டுக்குள் போய்க் கேட்கக் கூடாது, அவன் மோட்டாரை நிறுத்த வருகிற அந்த இடத்தில், கையில் பாதிக் குடத்தோடு எல்லோரும் நிற்க வேண்டும், ஒருத்தர் பேச மற்றவர்கள் நகராமல் நின்றால் போதும். எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. இந்தத் தெருவில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தாரே, இதோ காது. இவ்வளவு கிட்டே. மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. இங்கருந்தே ஆபீஸ் தெரியுது நைனா, என்று மகளின் குரல், சின்ன வயதில் பட்டம் ஏறும்போது கத்துவாளே அந்தக் குரல். முதல் கதவடைப்பின்போது போலீஸ் லாரி வந்து நின்றதும், அதுவரை முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. அந்த வார்த்தைக்காக அவர் ஒரு துண்டறிக்கையே எழுதினார், சும்மா வந்தவர்களே என்று தலைப்பு, காறித் துப்பி எழுதியது, பேட்டை முழுக்கப் பாராமல் சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கியது, அதில் ஒரு வரியைக்கூட இன்றைக்கும் அவர் மாற்றமாட்டார். ஏகாம்பரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். "நான் சும்மா வந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். மில் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ பேரை அவர் பார்த்த பார்வை அது. எதிரே நின்று வாங்கும்போது எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அவள் குடத்தைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார், வலி திரும்பி வந்திருந்தது, மெதுவாக ஏறினார். நாகசுந்தரம் வழியில் எதிர்ப்பட்டு, பாருங்க ஐயா, நிதானமா பாருங்க, மோட்டார் போட்டுட்டு வந்துடறேன் என்று இறங்கினார். அறை காலியாக இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது, வாலண்டினா அதன் நடுவில் நின்றாள். கீழ யார்கூட பேசிட்டு இருந்த, என்று கேட்டாள். யாரோட பொண்ணோ, என்றார். இன்னா சொல்லிச்சு. "தண்ணி நல்லா வருதாம்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பெரவள்ளூர்ச் சாவி பையில் கனத்தது. "இந்த வீடே இருக்கட்டும்" என்றார். "நெஜமாவா நைனா?" ம். "அப்புறம் மோகனரங்கம் மாமா, படிப்பகம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது." தூக்கி வெச்சிக்கமாட்டேன், நீ வீட்டுக்காரருக்கு சரின்னு சொல்லிடு. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள், பையைத் தலைக்கு வைத்தாள். "பத்து நிமிஷம் நைனா. ஆபீசு இங்கதான இருக்கு, பத்தே நிமிஷம்." வெயில் சதுரத்துக்கு ஓரமாக, வெறும் தரையில், காலை முழுக்க நீட்டிப் படுத்தாள். மூச்சு உடனே ஒழுங்காயிற்று. படுத்துக்கொண்டு தூங்கும்போது இவளுக்கு வாய் திறப்பதில்லை, சின்ன வயதிலும் அப்படித்தான். கீழே மோட்டார் உறுமியது, தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம், குடம் மாற்றுகிற சத்தம், அப்புறம் மோட்டார் நின்றது. நின்றதும் அந்தப் பெண்ணின் குரல் எழுந்தது. தனியாக. நடுங்கிக்கொண்டு, முதலில் எதைச் சொல்வது என்று தெரியாமல், நடுவிலிருந்து ஆரம்பித்து, சார் இந்தப் பாதிக் கொடத்த வெச்சிக்கிட்டு, சார் நீங்களே சொல்லுங்க. நாகசுந்தரத்தின் குரல் அதன் மேல் ஏறியது. வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. தப்பு, இப்படித் தனியாக ஆரம்பிக்கக் கூடாதும்மா, என்று ஏகாம்பரத்தின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. வாலண்டினா தூக்கத்தில் புருவத்தைச் சுருக்கிப் புரண்டாள். அவர் வாசல் வரை போய், தாழ்ப்பாள் சத்தம் போடாமல், உள்ளிருந்தே கதவைச் சாத்தினார்.